இரண்டு பஞ்சாங்கம், இரண்டு தேதி

2025 மார்ச் 29 அன்று சனி கும்பத்திலிருந்து மீனத்துக்குப் பெயர்கிறார் என்று ராசிபலன் புத்தகங்களும் தொலைக்காட்சிகளும் பரபரப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தன. சனீசுவரர் என்றாலே நினைவுக்கு வரும் திருநள்ளாறு கோயில் நிர்வாகமோ, இந்த ஆண்டு இங்கே சனிப்பெயர்ச்சி விழா கிடையாது என்று அறிவித்தது. கோயில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம். அதன்படி பெயர்ச்சி 2026 மார்ச்சில்தான். ஒரே வானம், ஒரே கிரகம், ஏறக்குறைய ஒரு வருஷ வித்தியாசம்!

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. பஞ்சாங்கங்கள் ஒன்றோடொன்று முரண்படும்போது அந்த முரண் இரண்டே இடங்களில்தான் பிறக்கும். ஒன்று கணக்கு: சூரியனும் சந்திரனும் கிரகங்களும் இந்த நொடியில் எங்கே இருக்கின்றன என்பது. மற்றது விதி: அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு எந்த நாளில் விரதம், எந்த நாளில் திவசம் என்று முடிவு செய்வது. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒவ்வொரு ஆண்டும் அதே சண்டை திரும்ப வருகிறது. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் பாதி சண்டை காணாமல் போகும். மீதி எதைப் பற்றியது என்றாவது தெரியும்.

பஞ்சாங்கத்தின் ஐந்து அங்கங்கள் வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம். காலண்டரில் நம்மில் பலர் முதலில் தேடுகிற ராகு காலம், எமகண்டம் எதுவும் இந்த ஐந்தில் இல்லை. அவை பகல் பொழுதை எட்டாகப் பிரித்துக் கிழமைக்கு ஒன்றாகக் கொடுத்தவை. காலை ஆறு மணிக்கு உதயம், மாலை ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டு போட்ட நேரம்தான் பெரும்பாலான காலண்டர்களில் அச்சாகிறது. உண்மையில் அது உதயத்துக்கேற்ப நகர வேண்டும்.

ஐந்தில் வாரத்துக்குக் கணக்கே வேண்டாம். மற்ற நான்கும் சூரியன், சந்திரன் இருவரின் இருப்பிடத்திலிருந்து வருபவை. அமாவாசையன்று இருவரும் ஒரே பாகையில் சேர்கிறார்கள். பிறகு சந்திரன் வேகமாக முன்னே ஓடுகிறது, கடிகாரத்தில் பெரிய முள் சின்ன முள்ளை விட்டு விலகுவதுபோல. இடைவெளி 12 பாகை ஆனதும் பிரதமை முடிந்தது. 24 ஆனதும் துவிதியை முடிந்தது. 180 பாகை ஆகும்போது பௌர்ணமி முடிகிறது, 360 ஆகும்போது அடுத்த அமாவாசை. ஆக மொத்தம் முப்பது திதி. சந்திரனின் வேகம் ஒரே சீராக இருப்பதில்லை என்பதால் ஒரு திதி 20 மணி நேரத்தில் முடியலாம், 26 மணி நேரத்துக்கு மேலும் நீளலாம். அது தொடங்குவதும் முடிவதும் நடுராத்திரியாகவோ நண்பகலாகவோ எப்போது வேண்டுமானாலும் இருக்கும்.

நட்சத்திரம் இதைவிட எளிது. வான்வட்டத்தை 27 பங்காக்கினால் ஒரு பங்கு 13 பாகை 20 கலை. சந்திரன் எந்தப் பங்கில் நிற்கிறதோ அதுவே அன்றைய நட்சத்திரம். யோகம் சூரிய, சந்திர நிலைகளைக் கூட்டி வருவது. கரணம் அரைத் திதி. இந்த இரண்டும் முகூர்த்தம் குறிப்பவருக்கும் சங்கல்பம் செய்து வைப்பவருக்கும் வேண்டும். மற்றவர்கள் பார்க்காமல் கடந்து போகிறோம். நானும் இங்கே கடந்து போகிறேன்.

பழைய பஞ்சாங்கப் பக்கத்தைப் பார்த்து மிரள்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. ‘சப்தமி 32-15’ என்று இருந்தால் அது கடிகார மணி அல்ல. சூரிய உதயத்திலிருந்து 32 நாழிகை 15 விநாடி வரை சப்தமி இருக்கிறது என்று பொருள். ஒரு நாளுக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிஷம். இங்கே சொல்லும் விநாடி 24 நொடி கொண்டது. காலை ஆறு மணிக்கு உதயம் என்றால் மாலை 6.54 வரை சப்தமி. இது தெரிந்துவிட்டால் பஞ்சாங்கத்தில் பாதிப் பக்கம் திறந்துகொள்ளும்.

மாத விஷயத்தில் தமிழர்கள் சூரியனைப் பிடித்துக்கொண்டவர்கள். சூரியன் ராசி மாறுவது சங்கராந்தி; அது அஸ்தமனத்துக்கு முன் நடந்தால் அன்றே மாதப் பிறப்பு, பின் நடந்தால் மறுநாள். ஆனி மாதத்தையொட்டிப் பூமி சூரியனிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பதால் சூரியன் மெதுவாக நகர்வதுபோல் தெரியும்; அந்த மாதம் 32 நாள்கூட வரும். மார்கழி 29 நாளிலேயே முடிந்துவிடுவது உண்டு. வடக்கிலும் ஆந்திரம், கர்நாடகத்திலும் சந்திரனை வைத்து மாதம் எண்ணுகிறார்கள். சந்திர வருஷம் 354 நாள்தான் என்பதால் அவர்களுக்கு இரண்டரை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஓர் அதிக மாதம் சேர்க்க வேண்டியிருக்கிறது. நமக்கு அந்தக் கவலை இல்லை.

இனி கணக்குக்கு வருவோம். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயருக்குக் காரணமே அதன் கணக்கு முறைதான். சந்திரனின் வேக மாற்றம் ஏறக்குறைய 248 நாளில் ஒன்பது சுற்றை முடிக்கிறது. அந்த 248 நாளுக்கும் சந்திரன் எவ்வளவு நகர்ந்திருக்கும் என்பதை நாளுக்கொரு சிறு சொற்றொடராகக் கட்டி வைத்தார்கள். எழுத்துக்கு எண் கொடுக்கும் கடபயாதி முறைப்படி அந்தச் சொற்றொடரே எண்ணாக மாறும். மரபு இவற்றை வரருசியின் பெயரில் சொல்கிறது. கி.பி. 1300 வாக்கில் எழுந்த ‘வாக்கியகரணம்’ என்ற நூல் சூரியனுக்கும் கிரகங்களுக்கும் சேர்த்து இந்த முறையை விரிவாக்கியது. மனப்பாடம் போதும், தாளும் வேண்டாம், எழுதுகோலும் வேண்டாம்.

இது வெறும் பெருமைப் பேச்சு அல்ல, பதிவான சாட்சி இருக்கிறது. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரி வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், 1769இல் மேகம் மறைத்ததால் அதைக் கோட்டைவிட்டார். ஆனால் அங்கே தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ் முறை 41 நொடி குறைத்துக் காட்டியது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளில் ஒன்றான டோபியாஸ் மேயருடையது 68 நொடி கூட்டிக் காட்டியது. பிறகு 1825இல் சென்னையில் வெளியான ‘கால சங்கலித’ நூலில் ஜான் வாரன் இன்னொரு காட்சியைப் பதிவு செய்தார். புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் தரையில் சோழிகளை வைத்து நகர்த்தி, மனத்தில் இருந்த வாக்கியங்களை மட்டும் கொண்டு, அந்த ஆண்டு மே 31 இரவு நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிஷம். நடுவில் 23, முடிவில் 52. இந்தக் கடைசி இரண்டு எண்களையும் பெருமையாகப் பேசுகிறவர்கள் விட்டுவிடுவார்கள், விடக்கூடாது.

ஏனென்றால் பலவீனமும் அங்கேதான். சந்திரனின் ஓட்டத்தில் பல ஏற்ற இறக்கங்கள் உண்டு. பழைய கணக்கு அவற்றில் பெரிதான ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதையும் கிரகணத்துக்குப் பொருந்தும்படி செப்பம் செய்திருந்தது. அதனால் அமாவாசை, பௌர்ணமி பக்கம் வாக்கியமும் இக்காலக் கணக்கான திருக்கணிதமும் பெரும்பாலும் ஒட்டிப் போகும். நடுவில், குறிப்பாக அஷ்டமியை ஒட்டி, திதி முடியும் நேரத்தில் நாலைந்து மணி நேரம்கூட வித்தியாசம் வரும். வாக்கியமும் திருக்கணிதமும் ஏன் சில நாளில் ஒத்துப்போய்ச் சில நாளில் சண்டை போடுகின்றன என்பதற்கு விடை இதுதான்.

சனியின் கதையும் இதேதான், ஆனால் பெரிய அளவில். சனி ஒரு பாகை நகரச் சராசரியாக ஒரு மாதம் ஆகும். பல நூறு ஆண்டு பழைய கணக்கில் சில பாகை பின்தங்கினாலே மாதக்கணக்கில் தள்ளிப் போய்விடும். நடுவில் வக்கிர கதி வேறு வந்தால் இன்னும் நீளும். அதனால்தான் திருநள்ளாற்றில் 2023 டிசம்பர் 20இல் நடந்த பெயர்ச்சி, திருக்கணிதக்காரர்களுக்கு அதே ஆண்டு ஜனவரியிலேயே முடிந்திருந்தது.

திருக்கணிதம் என்பது கண்ணால் பார்ப்பதோடு பொருந்தும் கணக்கு. வடமொழியில் திருக் என்றால் பார்வை. அதற்காக இங்கே வாதாடியவர்களில் முக்கியமானவர் சென்னை வானாய்வகத்தில் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாசாரி. 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். தொலைநோக்கியில் கண் வைத்தவருக்குப் பஞ்சாங்கத்தின் பிழை உறுத்தியதில் வியப்பில்லை. திருக்கணிதப்படி பஞ்சாங்கமும் வெளியிட்டார். சுதந்திரத்துக்குப் பிறகு மேக்நாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு இதே வேலையை நாடு முழுவதற்கும் செய்தது. அதன் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22 அன்று தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசே ராஷ்ட்ரிய பஞ்சாங்கம் வெளியிடுகிறது, தமிழிலும் உண்டு. அதை வாங்கி வைத்துக்கொண்டு விரதம் இருக்கும் வீடு அபூர்வம். வீடுகளில் புழங்கும் பாம்புப் பஞ்சாங்கத்தின் இடத்தை அரசிதழ் பிடித்துவிடும் என்று யாராவது நினைத்திருந்தால் அவருக்குத் தமிழ் வீடுகள் தெரியாது.

என் கருத்தைக் கேட்டால், வானத்தில் சந்திரன் எங்கே என்ற கேள்விக்குத் திருக்கணிதம்தான் சரியான விடை. அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை. வாக்கியப் பஞ்சாங்கங்கள் பலவும் கிரகணத்துக்கு மட்டும் திருக்கணித நேரத்தை எடுத்துக்கொள்வதே இதை ஒப்புக்கொள்வதுதான். கிரகணம் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது. தப்பினால் மானம் போகும். ஆனால் ஒரு கோயில் தன் திருவிழாவை எந்தக் கணக்கில் நடத்துவது என்பது வானியல் கேள்வி அல்ல. அது அந்தக் கோயிலின் மரபு.

இப்போது விதி. கணக்கில் துளியும் வித்தியாசம் இல்லாவிட்டாலும் தேதி மாறலாம். 2024 தீபாவளியை நினைத்துப் பாருங்கள். அக்டோபர் 31 பிற்பகல் நான்கு மணி அளவில் சதுர்த்தசி முடிந்து அமாவாசை பிறந்தது. நவம்பர் 1 மாலை ஆறேகால் வரை இருந்தது. தமிழ்நாட்டில் தீபாவளி என்பது சதுர்த்தசி இருக்கும் விடியற்காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது. எனவே 31, சந்தேகமே இல்லை. வடக்கே அது அமாவாசை இருக்கும் மாலையில் செய்யும் லட்சுமி பூஜை. அமாவாசை 31 மாலையிலும் இருந்தது, பல ஊர்களில் மறுநாள் அஸ்தமனத்தையும் தொட்டது. எந்த மாலை என்று வட இந்தியா முழுவதும் பண்டிதர்கள் மோதிக்கொண்டார்கள். சந்திரன் எங்கே என்பதில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.

பொதுவாக ஒரு நாளின் திதி என்பது அன்று சூரிய உதயத்தில் இருக்கும் திதி. ஆனால் ஒவ்வொரு சடங்குக்கும் அதற்குரிய வேளை ஒன்று உண்டு. அந்த வேளையில் திதி இருக்கிறதா என்றுதான் சாஸ்திரம் கேட்கிறது. சிவராத்திரிக்கு நள்ளிரவில் சதுர்த்தசி இருக்க வேண்டும். ராமநவமிக்கு நடுப்பகலில் நவமி. பிரதோஷத்துக்கு அந்திப் பொழுதில் திரயோதசி. ஏகாதசியில் ஸ்மார்த்தர்கள் உதயத்தைப் பார்க்கிறார்கள். வைஷ்ணவர்கள் உதயத்துக்கு 96 நிமிஷம், அதாவது நான்கு நாழிகை முன்னதாகவே தசமி முடிந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். முடியவில்லையென்றால் அது தசமி கலந்த ஏகாதசி, விரதம் மறுநாள். ஒரே பஞ்சாங்கத்தில் ‘ஸ்மார்த்த ஏகாதசி’, ‘வைஷ்ணவ ஏகாதசி’ என்று அடுத்தடுத்த நாளில் அச்சாகியிருப்பதன் காரணம் இது.

சிராத்தத்துக்குப் பிற்பகல்தான் கணக்கு. அதனால் தமிழ்ப் பஞ்சாங்கங்களில் அன்றைய திதி தனியாகவும் சிராத்த திதி தனியாகவும் கொடுத்திருக்கும். இரண்டும் வேறாக இருக்கும் நாட்கள் நிறைய. காலண்டரில் மேலே போட்டிருக்கும் திதியைப் பார்த்து அப்பாவின் திவசத்தைத் தாங்களே குறித்துக்கொள்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். தமிழ் மரபில் இன்னொரு அழகும் உண்டு. பிறந்த நாளுக்கு நட்சத்திரம், இறந்த நாளுக்குத் திதி. சாமிக்கும் பெரும்பாலும் நட்சத்திரம்தான்: தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம், வைகாசி விசாகம், மார்கழித் திருவாதிரை. சூரிய மாதமும் சந்திர நட்சத்திரமும் சேர்ந்து ஒரு நாளைக் குறிக்கும் இந்த வழக்கம் தமிழ், மலையாள நிலத்துக்கே உரிய முத்திரை.

பஞ்சாங்கம் நம் வழிபாட்டுக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிருக்கிறது என்பதற்கு முகூர்த்த நாளைவிடச் சங்கல்பமே நல்ல சான்று. எந்தப் பூஜை தொடங்கினாலும் வருஷம், அயனம், ருது, மாதம், பட்சம், திதி, வாரம், நட்சத்திரம் என்று வரிசையாகச் சொல்லி, இந்த நேரத்தில் இன்ன காரியத்தைச் செய்கிறேன் என்று அறிவித்த பிறகே பூஜை தொடங்கும். பஞ்சாங்கம் இல்லாமல் அந்த முதல் வாக்கியத்தையே முடிக்க முடியாது. சித்திரை முதல் நாள் கோயில்களில் புதுப் பஞ்சாங்கத்தைப் படித்துக் கேட்பதும் வழக்கம்: இந்த வருஷத்துக்கு ராஜா யார், மந்திரி யார், எத்தனை மரக்கால் மழை. இவற்றில் மழைக் கணக்கை நம்பி யாரும் விதைப்பதில்லை என்றாலும் கேட்காமல் எழுந்து போவதும் இல்லை.

சமணர்களிடம் பஞ்சாங்கம் வேறு வேலை செய்கிறது. நல்ல நேரம் தேடுவதைவிட நோன்பை ஒழுங்குபடுத்துவதே அங்கே முதன்மை. சூரிய அஸ்தமனத்துக்குப் பிறகு உண்பதில்லை என்பது அவர்கள் நெறி. காலையிலும் உதயமாகி 48 நிமிஷம், அதாவது இரண்டு நாழிகை, கழிந்த பிறகே வாயில் நீர் விடுவது நவகார்சி. பகலின் கால் பங்கு கழியும்வரை காத்திருந்தால் அது போர்சி. ஆகவே சுவேதாம்பர வீடுகளின் பஞ்சாங்கத்தில் ஊருக்கேற்ற உதய, அஸ்தமன நேரம்தான் தினமும் கண்ணில் படும் செய்தி. அதோடு துவிதியை, பஞ்சமி, அஷ்டமி, ஏகாதசி, சதுர்த்தசி ஆகியவை பர்வ திதிகள். அன்று பச்சைக் காய்கறி சேர்க்காத வீடுகள் ஏராளம். ஆண்டு எண்ணிக்கை மகாவீரர் வீடுபேறு அடைந்த கி.மு. 527இலிருந்து; வீர நிர்வாண ஆண்டு தீபாவளிக்கு மறுநாள் பிறக்கிறது. அந்த அமாவாசையில்தான் மகாவீரர் வீடுபேறு அடைந்தார் என்பதால் மேல்சித்தாமூரைத் தலைமைப் பீடமாகக் கொண்ட நம் தமிழ்ச் சமணர்களுக்கும் தீபாவளி வேறு பொருளில் பெரிய நாள்.

ஆண்டின் உச்சம் பர்யூஷணம். அதன் கடைசி நாளான சம்வத்சரியன்று ஒருவரிடம் ஒருவர் ‘மிச்சாமி துக்கடம்’ என்று மன்னிப்புக் கேட்கிறார்கள். எந்த நாள் என்பதில்தான் பிரிவுகள் பிரிகின்றன. தானகவாசிகளும் தேராபந்திகளும் பாத்ரபத சுக்ல பஞ்சமி என்கிறார்கள். உருவ வழிபாடு செய்யும் சுவேதாம்பரர் சதுர்த்தி என்கிறார்கள்; அரசன் ஒருவனின் விழா பஞ்சமியில் வந்ததால் காலகாசாரியார் ஒரு நாள் முன்னுக்கு இழுத்தார் என்பது அவர்கள் சொல்லும் காரணம். திகம்பரர்களுக்கோ அந்தப் பஞ்சமியில்தான் பத்து நாள் தசலட்சண விழா தொடங்குகிறது.

இதைவிட நுட்பமான சண்டை சுவேதாம்பரரின் தபாகச்சப் பிரிவுக்குள்ளேயே 1930களில் வெடித்தது. ஒரு பர்வ திதி எந்த உதயத்தையும் தொடாமல் மறைந்துபோனால், அல்லது இரண்டு உதயத்தைத் தொட்டு இரட்டித்தால் என்ன செய்வது? புனிதமான அஷ்டமியை இழக்க முடியாது, அதற்குப் பதில் முந்திய சப்தமியைக் குறைத்துக்கொள்ளலாம் என்றது ஒரு தரப்பு. பஞ்சாங்கம் காட்டுவதைத் திருத்தாதே என்றது ஆசாரியர் ராமச்சந்திர சூரியின் தரப்பு. முதல் தரப்புக்கு ஏக திதி, இரண்டாவதற்குப் பே திதி என்ற பெயர்கள் அப்போது நிலைத்தன. சண்டைக்கு வேர் கணக்கு மாற்றத்தில் இருக்கிறது. ‘சூரியப் பிரஞ்ஞப்தி’ போன்ற பழைய சமண நூல்களில் ஐந்து ஆண்டு யுகத்துக்கு 1830 நாள், 62 சந்திர மாதம், 1860 திதி. எல்லாத் திதியும் ஒரே நீளம், ஒரு நாளைவிடச் சற்றுக் குறைவு. அந்தக் கணக்கில் 61 நாளுக்கு ஒரு திதி மறையும். ஆனால் இரட்டிப்பதற்கு வழியே இல்லை. பின்னாளில் எல்லோரும் திதியின் நீளம் மாறுவதைக் கணக்கில் எடுக்கும் சித்தாந்தப் பஞ்சாங்கத்தை ஏற்றபோது, பழைய விதிகள் கனவிலும் காணாத இரட்டைத் திதி உள்ளே வந்துவிட்டது. இன்று இரு தரப்பாரும் பெரும்பாலும் மும்பையின் ஜன்மபூமி பஞ்சாங்கத்தையே கையில் வைத்துக்கொண்டு வெவ்வேறு நாள் குறிக்கிறார்கள். கணக்கு ஒன்று, விதி இரண்டு.

யாழ்ப்பாணத்தில் நிலைமை தலைகீழ்: விதி ஒன்று, கணக்கு இரண்டு. சித்திரைப் புத்தாண்டில் மருத்துநீர் வைத்து நீராடுவதும், சொன்ன நிறத்தில் உடுத்துவதும், கைவிசேடம் வாங்குவதும் இரு சாராருக்கும் பொது. வருஷம் பிறக்கும் நேரத்தை மட்டும் வாக்கியமும் திருக்கணிதமும் வெவ்வேறாகச் சொல்லும். நாளிதழ்கள் இரண்டையும் போட்டுவிடும்.

புதிதாகப் பஞ்சாங்கம் வாங்குகிறவர்கள் முதல் பக்கத்தில் அது வாக்கியமா திருக்கணிதமா, எந்த ஊர் உதயத்துக்குக் கணித்தது என்று பார்த்து வாங்குங்கள். குடும்பத்தில் எது வழக்கமோ அதிலேயே நில்லுங்கள். விரதத்துக்கு ஒன்று, திவசத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றிப் பார்த்தால் எதிலும் கணக்கு நிற்காது. வெளிநாட்டில் இருப்பவர்கள் சென்னைப் பஞ்சாங்கத்தின் தேதியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. திதி முடியும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றுதான், ஆனால் உதயம் ஊருக்கு ஊர் வேறு. சென்னையில் விடியற்காலை 5 மணிக்கு முடியும் ஏகாதசி, டொரொன்டோவில் முந்திய நாள் மாலையே முடிந்துவிடுகிறது. அங்கே இருப்பவர் அந்த ஊருக்குக் கணித்த பஞ்சாங்கத்தையே பார்க்க வேண்டும்.